போட்டுக் காட்டுங்க

நான் நீட்டிய பேனாவை வாங்கியதும் அவர் கையெழுத்துப் போடவில்லை. இடது புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். மை இறங்கவில்லை. "எழுதலையே மிஸ்" என்று திருப்பிக் கொடுத்தார். வேறொன்று எடுத்துக் கொடுத்தேன். அதையும் இழுத்துப் பார்த்தார். நீலக்கோடு ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் படிவத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இலவசமாக ஒன்று கேட்டு வந்திருக்கிறவர் என் பேனாவைப் பரிசோதிக்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மறைத்தால் இதை எழுதுவதில் பொருளில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பெயர், அடையாள எண், வீட்டு எண், சம்பளச் சீட்டு, கணவர் எங்கே என்ற கேள்விக்கான பதில், எல்லாவற்றையும் ஒரு காலத்தில் கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்றியவள் நான். அவ்வளவு போதும்.

கிருமிப்பரவல் காலம் அது. பள்ளிகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கணினியில் பாடம் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கணினி இருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான் பலருக்கு ஞாபகம் வந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளை வாங்கி வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிறிய தொண்டு அமைப்பு. நான் அங்கே திட்ட அதிகாரி. படிவங்களைச் சரிபார்ப்பது, தொலைபேசியை எடுப்பது, நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது, இவைதான் என் வேலை.

கணினி வேண்டுமென்றால் எங்கள் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு பக்கம். சம்பளச் சீட்டைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். அவர் தன் கைப்பேசியில் மூன்று நாள் முயன்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான்காம் பக்கத்தில் உறைந்து போயிருக்கிறது. நான்காம் நாள் வீடு இருக்கும் குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் ஏறி நேரே வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். சாம்பல் நிறத் துப்புரவாளர் சீருடை, முகக்கவசம், கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு குடும்பத்தின் எல்லாக் காகிதங்களும்.

"கம்ப்யூட்டர் இல்லன்னு சொல்றதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமா மிஸ்?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிய நேரமாயிற்று.

எதையும் பார்த்துச் சோதிக்காமல் வாங்காதவர் அவர். பிறகு அலுவலகத்துக்குப் பக்கத்துத் தேக்கா சந்தையில் ஒருமுறை எதிர்பாராமல் பார்த்தேன். ஒரு கடையில் குடை வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்குள்ளேயே விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கடைக்காரர் "உள்ள விரிக்காதீங்கக்கா, சாமான் எல்லாம் விழுது லா" என்று கத்தினார். "வெளிய மழையில விரியலன்னா நீங்க வந்து பிடிப்பீங்களா?" என்றார் இவர். மூன்றாவது குடையைத்தான் வாங்கினார். மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கப் போனால் கடை வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடவிட்டுப் பார்ப்பாராம். பல்ப் வாங்கினால் கடையிலேயே எரியவிட வேண்டும். "போட்டுக் காட்டுங்க" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கிற சொல்.

"ஏன்க்கா இப்படி?" என்று அன்று கேட்டேன்.

"காசு இருக்கறவங்க கெட்டது வந்தா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிப்பாங்க. எனக்கு ஒரு தடவதான் மிஸ்."

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் ஆறாம் வகுப்பு. அந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மகன் மூன்றாம் வகுப்பு. கணவர் எல்லை தாண்டி ஜொகூருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். ஓரறை வாடகை வீடு. வீட்டுக்கு இணைய இணைப்பு கிடையாது. வீட்டில் இருந்த ஒரே திரை அவருடைய கைப்பேசி. காலை ஷிப்டுக்குப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுப் போவார். வேலையிடத்தில் மேற்பார்வையாளர் கூப்பிட்டால் ஆள் கிடைப்பதில்லை என்று அதற்கும் திட்டு வாங்கினார்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்பது மணிக்குத்தான் வகுப்பு. அரை மணி நேரம் அக்காவுக்கு, அரை மணி நேரம் தம்பிக்கு. மற்றப் பாதியில் ஆசிரியர் என்ன சொன்னார் என்பது இருவருக்கும் தெரியாது. கைப்பேசியில் டேட்டா தீர்ந்தால் இரண்டு மாடி கீழே இறங்கிப் படிக்கட்டில் உட்கார வேண்டும். அங்கே குடியிருந்த மலாய்ப் பெரியம்மா ஒருவர், எல்லோருக்கும் அவர் மக்சிக், தன் வைஃபையின் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தார். சுவரை ஒட்டி உட்கார்ந்தால்தான் சிக்னல் எட்டும். படிக்கட்டில் உட்கார்ந்து அந்தப் பெண் கைப்பேசியின் கையகலத் திரையில் பின்னக் கணக்குப் போட்டாள்.

இதையெல்லாம் நான் படிவத்தில் ஏற்றினேன். "இணைய வசதி: இல்லை" என்ற கட்டத்தில் ஒரு டிக்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

அவர் விண்ணப்பித்த இரண்டாவது வாரமே கணினிகள் வந்துவிட்டன. நகரின் நடுவில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தது. முதல் தவணையில் பத்துக் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை. அவர் வந்து, நிறுவனத்தின் ஆட்கள் வந்து, படம் எடுத்தால்தான் கொடுப்பது என்று எங்கள் மேலாளர் முடிவு செய்திருந்தார். ஏழு வாரம் அந்தப் பெட்டிகள் என் மேசைக்குப் பக்கத்தில் கிடந்தன. மதியச் சாப்பாட்டுப் பையை அவற்றின் மேல்தான் வைப்பேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணி இடைவேளையில் வேலையிடத் தொலைபேசியிலிருந்து அவர் கூப்பிடுவார்.

"வந்துருச்சா மிஸ்?"

"ஏற்பாடு நடந்துகிட்டிருக்குக்கா."

என் முழங்கால் பெட்டியில் இடித்துக்கொண்டிருக்கும். நான் அந்தப் பதிலைச் சொல்வேன். ஏழு திங்கட்கிழமைகள்.

அந்த ஏழு வாரத்தில் நாங்கள் ஒரு கணினியைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து ஒவ்வொன்றிலும் பூ மாதிரி முடிச்சுப் போட்டோம். முடிச்சு ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று மேலாளர் நின்று பார்த்துக்கொண்டார்.

விழா ஒரு மண்டபத்தில் நடந்தது. கூட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பத்துக் குடும்பங்கள், விருந்தினர்கள், இரண்டு புகைப்படக்காரர்கள் மட்டும். பின்னால் பெரிய பேனர். யாரையும் பின்தங்க விடமாட்டோம் என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. தமிழில் ஓர் எழுத்துப்பிழை. அதையும் நான்தான் சரிபார்த்திருந்தேன்.

அவர் முறை வந்தது. மகளோடு மேடைக்கு வந்தார். சிறப்பு விருந்தினர் கணினியை நீட்டினார். மகள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். அவர் பிடிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டுக் காட்டுங்க மிஸ்."

புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார். நான் ஓடிப்போய் அந்த அக்காவின் காதருகே, "அப்புறம்க்கா. வீட்டுல போய்ப் பாத்துக்கலாம். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றேன். அவர் முழங்கையை இலேசாக அழுத்தினேன். அழுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தப் படத்தில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அவர் மட்டும் குனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் அந்தப் படத்தின் கீழே, கண்ணீரோடு பெற்றுக்கொண்ட தாய் என்று எழுதினோம். அவர் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை.

இரண்டு வாரத்தில் பள்ளிகளை மறுபடி மூடினார்கள். மூடிய முதல் நாளே அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"மிஸ், பன்னெண்டு நிமிஷம் ஓடுது. அப்புறம் செத்துப்போவுது. கேமரா தொறக்கவே இல்ல."

"சார்ஜர்ல போட்டே வச்சுப் பாருங்கக்கா."

"போட்டுத்தான் வச்சிருக்கேன். என் போன் டேட்டாவுலதான் நெட்டு. சூடாவுது. மூஞ்சி தெரியலன்னு டீச்சர் ஆப்செண்ட் போட்டுட்டாங்க. உள்ளதான் உக்காந்திருக்கான்னு நான் யாருகிட்ட சொல்றது?"

அந்த வாரம் மகளுக்குக் கணினி வழியாக ஒரு கணக்குத் தேர்வு. பதினோராவது கேள்வியில் திரை கறுத்துவிட்டது. மீண்டும் எழுப்பி உள்ளே போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அதுவரை எழுதியதும் பதிவாகவில்லை. அந்தப் பெண் அழவில்லையாம். மூடிய கணினியின் மேல் நெற்றியை வைத்துப் படுத்துக்கொண்டாளாம். அடுத்த நாள் அவர் தன் கைப்பேசியை மகளிடம் கொடுத்தார். தம்பி அன்று முழுவதும் வகுப்புக்குப் போகவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓசில கொடுத்தா இப்படித்தான் லா. மத்த ஒம்பது பேர் கம்ப்ளெய்ன் பண்ணாங்களா? இல்லல்ல? ஃபைல்ல நோட் பண்ணி வை."

எழுதி வைத்தேன். 'ஒத்துழைப்புக் குறைவு. நன்றியுணர்வு இல்லை. அதிகம் எதிர்பார்ப்பவர்.' ஆங்கிலத்தில் இதைவிட நாகரிகமாகத்தான் இருந்தது. பொருள் இதுதான். என் விரல்கள்தான் தட்டின.

மூன்று நாள் கழித்து வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்தார். கணினியை என் மேசையில் கவிழ்த்து வைத்தார். அடிப்பகுதியில் ஏதோ ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்த அடையாளம். ஓர் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் விரல் நகமளவு மிச்சம்.

"இது எங்கேந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்கதான் நான் கிளீனிங் பண்றேன். பதினாலாவது மாடி. இந்த மஞ்ச டேப்பு போட்டதெல்லாம் ஸ்டோர்ரூம்ல ரெண்டு வருஷமா கெடந்துச்சு. வாரா வாரம் தூசி தட்டுனது நான்தான்."

அந்த மஞ்சள் மிச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை.

"போன வருஷம் நானே கேட்டேன். ஒண்ணு கொடுங்க மேடம், எம்பொண்ணுக்குன்னு. ஆபீஸ் அம்மா நல்லவங்கதான். இல்ல ஆண்ட்டி, இதெல்லாம் கெட்டுப்போனது, பேட்டரி டேஞ்சர், தூக்கிப் போடப் போறோம், உங்களுக்குக் கொடுத்து ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்குப் பிரச்சனைன்னு சொன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். கூட்டறவளுக்குக் கொடுக்கறதுக்கு டேஞ்சரு. ரிப்பன் கட்டி மேடையில கொடுத்தா டேஞ்சர் போயிருமா?"

அவர் குரல் உயரவே இல்லை. அறையில் இருந்த மற்ற இருவரும் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார்கள்.

மேலாளர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "அடுத்த வருஷமும் அவங்கதான் நமக்கு ஸ்பான்சர். இத இங்கேயே விடு" என்றார். விட்டேன். அந்தக் கணினியை ரிப்பேருக்கு அனுப்புவதாக அந்த அக்காவிடம் சொல்லி வாங்கி வைத்தேன். அனுப்பவில்லை. எங்களிடம் ரிப்பேர் செய்யும் ஆளே கிடையாது.

அவர் விடவில்லை. விழாவுக்கு வந்த மற்ற ஒன்பது குடும்பங்களில் ஆறு அவர் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் இருந்தன. ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மக்சிக் வீட்டுப் பேத்திக்குக் கொடுத்தது எழும்பவே இல்லை. ஒரு சீனப் பெரியவர் பேரனுக்கு வாங்கியதில் விசைகள் பாதி வேலை செய்யவில்லை. தனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை என்று நினைத்து அவர் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். யாரும் புகார் செய்யவில்லை. இலவசமாக வந்ததைக் குறை சொன்னால் அடுத்த உதவி கிடைக்காது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்திருந்தார்கள். மேலாளர் சொன்ன ஒன்பது பேரின் மௌனம் அதுதான்.

அடுத்த மாதம் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பயனடைந்த குடும்பங்கள் பேசுவதுபோல ஒரு சிறு காணொளி எடுக்க வேண்டுமாம். பேசுவதற்கு ஏற்பாடாகியிருந்தவர் மக்சிக். அவரோடு அந்த அக்காவும் வந்தார். சந்தைக்கு இழுத்துப் போகும் இரட்டைச் சக்கர வண்டியைப் படி படியாகத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அதில் பழைய துண்டால் மூடி ஆறு கணினிகள்.

கேமராவுக்கு விளக்கெல்லாம் போட்டிருந்தது. இவர் யாரையும் கேட்கவில்லை. கூட்ட மேசையில் ஆறையும் வரிசையாக வைத்தார். சுவரில் இருந்த பிளக்குகளில் ஒன்றொன்றாகச் செருகினார். பிறகு அந்த அம்மையாரிடம் சொன்னார்.

"மேடம், யூ ட்ரை."

அம்மையார் சிரித்தபடியே முதல் கணினியின் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது. அதன் உள்விசிறி ஒருமுறை உறுமி நின்றது. மூன்றாவதில் திரை முழுக்கக் கோடுகள். நான்காவதை அழுத்தும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஐந்தாவதையும் ஆறாவதையும் அவர் தொடவில்லை. இவரே அழுத்திக் காட்டினார்.

பிறகு தன் சுருக்கமான ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பதினான்காவது மாடி. ஸ்டோர்ரூம். மஞ்சள் டேப். நான் கேட்டேன், இல்லை என்றீர்கள். பிறகு என் பெண்ணை மேடையில் நிற்கவைத்து அதையே கொடுத்தீர்கள். என் பெண் தேர்வில் பூஜ்யம்.

அம்மையாருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவரோடு வந்திருந்த ஓர் இளம் ஊழியர் இவரையே உற்றுப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "ஆண்ட்டி, நீங்க எங்க லெவல் கிளீனர்தானே?"

"ஆமா," என்றார் இவர். மறைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே துப்புரவு ஒப்பந்தக்காரர் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். பொங்கோலில் ஒரு கடைத்தொகுதி, கழிவறைகள். யாரும் தண்டனை என்று சொல்லவில்லை. 'தேவைக்கேற்ப இடமாற்றம்.' குவீன்ஸ்டவுனிலிருந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகள் எழும் முன்பே கிளம்ப வேண்டும். மகன் தானாக எழுந்து வகுப்புக்கு உட்காருகிறானா என்று பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

நிறுவனம் வெட்கப்பட்டது உண்மை. பத்துப் புதிய கணினிகளை அனுப்பியது. பெட்டி பிரிக்காத புதியவை. ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் ஆண்டுக்கான இணைய இணைப்புக் கருவியும். இந்த முறை விழா இல்லை, ரிப்பன் இல்லை. நானே வாடகை வேனில் போய் ஒன்பது வீடுகளில் கொடுத்தேன்.

பத்தாவது அந்த அக்காவுக்கு. அதை மேலாளர் கொடுக்கவிடவில்லை. முதலில் அந்த அக்கா கையெழுத்திட்ட ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்றார். அமைப்பின் பெயரைக் காப்பாற்றியாக வேண்டுமாம். கடிதத்தை அவரே தயாரித்தார். நான் தமிழாக்கம் செய்து இரண்டு மொழியிலும் அச்சிட்டேன். கணினியில் கோளாறு இருந்தது என் சரியான பயன்பாடின்மையால் என்றும், ஆத்திரத்தில் பேசிவிட்டேன் என்றும், என் நடத்தைக்கு வருந்துகிறேன் என்றும் அதில் இருந்தது. "சரியான பயன்பாடின்மை" என்ற அசிங்கமான தொடர் என்னுடையது.

அதையும் கணினிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு குவீன்ஸ்டவுன் போனேன். அன்று அவருக்கு விடுமுறை. மகள் தரையில் நோட்டுப் புத்தகங்களை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவர் கடிதத்தை முழுதும் வாசித்தார். இரண்டு முறை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னதுல எது பொய் மிஸ்?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப இதுல எது நெஜம்?"

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. அதை அவர் கணக்குப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது.

"பெட்டியத் தொறங்க," என்றார். "போட்டுக் காட்டுங்க. ஒரு மணி நேரம் ஓடட்டும். அப்புறம் பார்க்கலாம்."

திறந்தேன். கணினி எழுந்தது. கேமராவில் மகளின் முகம் தெரிந்தது. அவள் தன் முகத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவர் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. மகள் பள்ளியின் பாடப் பக்கத்துக்குள் போய், தவறவிட்ட கணக்குப் பாடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எத்தனை தவறவிட்டிருக்கிறாள் என்பது வரிசையாகச் சிவப்பில் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் போல நீளமான நேரத்தை நான் வாழ்க்கையில் கடந்ததில்லை.

ஒரு மணி நேரமும் முடிந்தது. கணினி நிற்கவில்லை. அவர் எழுந்து வந்து, குனிந்து, கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். தன் பெயரை முழுதாக, தமிழில், நிதானமாக எழுதினார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"கொண்டு போங்க."

நான் அதைக் கிழித்திருக்கலாம். லிப்டில் கிழித்திருக்கலாம், பஸ் நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கலாம், அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார் என்று மேலாளரிடம் பொய் சொல்லியிருக்கலாம். கணினியோ ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவராலும் போய்ப் பிடுங்கி வந்திருக்க முடியாது. எதுவும் செய்யவில்லை. மடங்காமல் இருக்க ஒரு அட்டைக்குள் வைத்து, பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் அதைக் கோப்பில் போட்டார்.

மகள் தேர்வு எழுதினாள். தேறினாள். கணக்கில் மட்டும் மதிப்பெண் குறைந்து, அவள் விரும்பிய உயர்நிலைப்பள்ளி கிடைக்கவில்லை. அந்தச் சிவப்பு வரிசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தொடர்பு இல்லை என்று சொல்லவும் எனக்கு வாயில்லை.

எங்கள் அமைப்பில் புதிய விதி வந்தது. கொடுக்கும் முன் ஒவ்வொரு கணினியையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கேமரா, ஒலி, பேட்டரி எல்லாம் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். விண்ணப்பத்தைத் தாளிலும் கொடுக்கலாம் என்றார்கள். நல்ல விதிகள். ஆண்டறிக்கையில் அது மேலாளரின் முயற்சி என்று படத்துடன் வந்தது. அந்த அறிக்கையை அச்சுக்கு அனுப்பிய பிறகு நான் வேலையை விட்டேன். அதற்கு முன்பே விட்டிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு உட்லண்ட்ஸில் ஒரு மருந்தகத்தில் என் அம்மாவுக்கு மருந்து வாங்கக் காத்திருந்தேன். அவர் எதிரே வந்தார். முகக்கவசம் இல்லாத அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அவர் வீட்டில் ஒரு முறைதான். ஆனாலும் உடனே தெரிந்தது. முடி நரைத்திருந்தது. இப்போது இந்தப் பக்கம்தான் வீடு என்றார். மகள் பாலிடெக்னிக் போக ஆசைப்படுகிறாளாம். மகன் இப்போது அம்மாவைவிட உயரமாம்.

எத்தனையோ நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை அங்கே நின்றபடியே சொன்னேன். கோப்பில் நான் எழுதியது, பெட்டிகள் என் காலடியில் கிடந்தபோது தொலைபேசியில் சொன்னது, அந்தக் கடிதம், எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துப் பரவாயில்லை என்று சொல்வார் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன்.

அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

"அந்தக் கடிதம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"அங்கேயே ஃபைல்ல இருக்கும்க்கா."

"அது எனக்கு வேணும். நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்னு எங்கேயோ ஒரு அலமாரியில என் கையெழுத்தோட கெடக்கு. எம்பொண்ணுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மா தப்புப் பண்ணாமலே சைன் பண்ணிச்சுன்னு அவ பார்த்திருக்கா. நீங்க அழுது எனக்கு என்ன ஆவப்போவுது மிஸ்? அத வாங்கிட்டு வாங்க."

அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் மருந்தை வாங்கி, பெயரும் எண்ணிக்கையும் சரியா என்று முகப்பிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நான் அந்த அமைப்புக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது: பயனாளிகளின் ஆவணங்கள் இரகசியமானவை, வெளியாருக்குத் தர இயலாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் இல்லை. நேரில் போனேன். மேலாளர் இப்போது அங்கே இல்லை. வேறொரு பெரிய அமைப்பில் உயர்ந்த பதவியில் இருக்கிறார். வரவேற்பில் இருந்த இளம்பெண் கனிவாகத்தான் பேசினாள். இணையத்தளத்தில் ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்புங்கள் என்றாள்.

நிரப்பினேன். அவரிடமும் ஒப்புதல் வாங்கி அவர் பெயரில் இன்னொன்று நிரப்பினோம். இன்னும் காத்திருக்கிறோம். அவர் திங்கட்கிழமைகளில் கூப்பிடுகிறார். வந்ததா என்று கேட்கிறார். வரவில்லை என்று உண்மையைச் சொல்கிறேன்.

அந்தத் தாள் கைக்கு வரும்வரை இது இங்கே இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் இருப்பது பொய். கணினிகள் கெட்டுப்போனவை. அது கொடுத்தவர்களில் சிலருக்குத் தெரியும், வாங்கிக் கொடுத்த நாங்கள் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அவர் எதையும் தவறாகப் பயன்படுத்தவில்லை, யாரிடமும் தவறாக நடக்கவில்லை. அந்தக் கடிதத்தின் தமிழ் வாசகம் முழுவதும் நான் எழுதியது. கையெழுத்து மட்டுமே அவருடையது.